துவைக்காத வெள்ளைச் சட்டை

“ஆடித் திருவிழாவுல இவ என்னைத் தெருத்தெருவாத் துரத்திக்கினு வந்து மஞ்சத்தண்ணி ஊத்தினா. அப்புறம் என்ன பண்றது? கட்டிக்கினேன்!”

ஜெகதீசன் ஆரம்பித்துவிட்டார். திண்டிவனத்தில் அவர் வீட்டுப் படியேறிய யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்பட. இன்று மாட்டிக்கொண்டது விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா வெள்ளையம்மாள்.

வழக்கம்போல அவர் மனைவி கவிதா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிறவர் போகிறவர் முன்னால் அம்மாவை இப்படியா மட்டம் தட்டுவது? அதுவும் இத்தனை வருஷமாக! ஆனால் இன்றைக்கு அவளிடம் ஆதாரம் இருந்தது.

சங்கவி விழுப்புரத்தில் தடயவியல் படிக்கிறாள். ஆய்வுக் கட்டுரைக்கு அவள் எடுத்த தலைப்பு, ரத்தத் தெறிப்பு. துணியில் ரத்தம் பட்டிருக்கும் விதத்தை வைத்து, அடிபட்டவர் எப்படி நின்றார், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது.

“முதல்ல திட்டத்தை எழுதிட்டு வா,” என்றிருந்தார் பேராசிரியை. “ரத்தமெல்லாம் வேணாம், கலர் தண்ணி போதும். கூடவே பழைய கறை ஒண்ணு இருந்தா நல்லது. அது எப்படி விழுந்துச்சுன்னு கதை தெரிஞ்சிருக்கணும். அப்பதான் உன் கணிப்பு சரியான்னு பாக்க முடியும்.”

கதை தெரிந்த கறைதானே? வீட்டு பீரோவிலேயே இருந்தது. அந்த ஆடித் திருவிழாவில் அப்பா போட்டிருந்த முழுக்கை வெள்ளைச் சட்டை. துவைக்காமல் மடித்து வைத்திருந்தார்.

“எடுத்துக்கோ. உங்கம்மா பண்ண அட்டூழியத்துக்குச் சாட்சி,” என்று சிரித்தார் அப்பா. கொடுப்பதற்கு முன் சட்டையை ஒரு தரம் முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

சங்கவி திட்டம் போட்டாள். அப்பாவின் பழைய சட்டைகளைத் தலையணைகளுக்கு மாட்டிப் பின்கட்டில் தொங்கவிட்டு, கிட்டத்திலிருந்து, தூரத்திலிருந்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து என்று மஞ்சள் தண்ணீரை வீசிப் பார்த்தாள். வீட்டில் இருந்த மஞ்சள்தூளெல்லாம் காலியாகி, அந்த வாரக் குழம்பு வெளுத்துப்போனது.

எந்தச் சட்டையும் அப்பாவின் சட்டையைப் போல் வரவில்லை.

ஓடுகிறவர் மேல் வீசினால் முதுகில் துளித்துளியாகத் தெறித்திருக்க வேண்டும். இதில் தெறிப்பே இல்லை. காலரிலிருந்து கறை நேராகக் கீழே வழிந்திருந்தது. வலது கையில் மட்டும், மணிக்கட்டிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு. தன் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சொம்பைக் கவிழ்த்தால்தான் தண்ணீர் அப்படி ஓடும்.

அப்பா தானே ஊற்றிக்கொண்டிருக்கிறார்! ஊற்றிக்கொண்டு, ஊரெல்லாம் அம்மாவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

இப்போது கூடத்தில் அத்தை வெள்ளையம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இந்தக் கவிதாவாடா துரத்தினா? நாலு பேர் எதிர்ல நிக்கவே கூச்சப்படுவா. அதுவும் அந்த வருசம் அவ இருந்த இருப்புக்கு...”

“துரத்தினாக்கா! சொன்னா நம்பு!” அப்பா சிரித்துக்கொண்டே குரலை உயர்த்தினார்.

சங்கவி சட்டையோடு எழுந்தாள். “இருங்க அத்தை. இந்தச் சட்டை என்ன சொல்லுதுன்னு நான் சொல்றேன்.”

அப்பாவின் சிரிப்பு நின்றது.

“சங்கவி, இங்க வா!” அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“இன்னைக்கு விட மாட்டேம்மா,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள் சங்கவி. “நீ ஊத்தவே இல்ல. அவரே ஊத்திக்கினு உன்மேல பழி போடறாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்குந்தான் தெரியும்.”

அம்மா சட்டையை வாங்கிக் காலரைத் தடவினாள்.

“அந்த வருசந்தான் எனக்கு நிச்சயம் பண்ண எடத்துல வேணாம்னுட்டாங்க. திருவிழாவுல பொண்ணுங்க எல்லாம் மொறப் பையனுங்க மேல மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு ஒரே கூத்து. எனக்கும் ஆசை. சொம்பை எடுத்துக்கினு வாசலுக்கு வந்தேன். ‘இவ ஊத்தினா எவன் நிப்பான்’னு ஒருத்தி சிரிச்சா. அப்படியே உள்ள திரும்பிட்டேன்.”

“அப்புறம்?”

“அதைப் பாத்துக்கினு நின்ன உங்கப்பா பின்னாடியே வந்தாரு. என் கையில இருந்த சொம்பைப் புடுங்கித் தன் தலையில கவுத்துக்கினாரு. ‘ஐயோ, கவிதா ஊத்திட்டாடா’ன்னு கத்திக்கினே தெருவுல ஓடினாரு. அன்னிக்குப் பூரா தும்மல்.”

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“சரிம்மா, அன்னைக்குச் சொன்னாரு. இன்னும் ஏன் சொல்லிக்கினே இருக்காரு?”

“என்னைப் பாவம் பாத்துக் கட்டிக்கினாருன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதாம்.”

சங்கவி சட்டையை அம்மாவிடமிருந்து வாங்கி மடித்தாள். நாளைக்குத் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். போகட்டும், வேறு கறை தேடிக்கொள்ளலாம்.

“ஏன்டி, சட்டை என்னமோ சொல்லுதுன்னியே!” கூடத்திலிருந்து அத்தை விடவில்லை. “உங்கப்பன் சொல்றது நெசமா, பொய்யா?”

சங்கவி வெளியே வந்தாள். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் சட்டையை அத்தைக்கு எதிரே விரித்துப் போட்டாள்.

“சந்தேகமே இல்ல அத்தை. அம்மாதான் துரத்தித் துரத்தி ஊத்தியிருக்காங்க. பாவம், அப்பாவுக்குத் தப்பிக்க வழியே இல்ல!”