யோகமலர் கேட்ட பிஸ்ரல்

“உது சரிவராது தம்பி. வேறை எடுங்கோ,” என்றாள் யோகமலர் கடைக்காரப் பையனிடம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை நாடகம். ஒத்திகைக்கு வந்த நடிகர்கள் ஸ்காபரோ மண்டபத்தில் காத்திருக்கிறார்கள். என் போன் விடாமல் அடிக்கிறது. நெறியாள்கை செய்ய வேண்டிய நான், வெக்ஸ்போர்டில் ஒரு காற்றுத் துப்பாக்கிக் கடையில் அவளுக்குப் பின்னால் நின்று கால் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாடகத்தை எழுதியவள் அவள்தான். மிசிசாகாவில் விமான நிலைய வேலை. இடைவேளைகளில் எழுதினாளாம்.

கடைசிக் காட்சியில் ஒருவன் வீடு புகுந்து, ஒரு பெண்ணின் தலையில் பிஸ்ரலை வைத்து விசையை இழுப்பான். வெடிக்காது. அவன் போய்விடுவான். அவ்வளவுதான் காட்சி.

அவள் பின்னந்தலை என்றுதான் எழுதியிருந்தாள். சனத்துக்குப் பிஸ்ரல் வடிவாகத் தெரிய வேண்டுமென்று நெற்றிக்கு மாற்றியவன் நான்.

போன வருடம் மேடையேற்றியபோது மண்டபமே சிரித்தது. செம்மஞ்சள் மூக்கு வைத்த விளையாட்டுச் சாமான், பிறகு சிரிக்காமல் என்ன செய்யும்? இந்த முறை நல்ல பிஸ்ரல் கிடைக்காவிட்டால் அந்தக் காட்சியை வெட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. பிஸ்ரலைத் தானே பார்த்து எடுப்பதாக மட்டும் சொன்னாள்.

கடைக்காரப் பையன் றொய்சன் நல்ல பொறுமைசாலி.

“அன்ரி, இது பழைய மொடல். ஃபுல் மெற்றல். பிடி மரம். சுடேக்கை மேல்பக்கம் பின்னுக்குப் போய் வரும், ரியலா இருக்கும்.”

எனக்கு அது கண்டவுடனேயே பிடித்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல பாரம். கடைசி வரிசை வரைக்கும் மினுங்கும்.

“இதையே எடும், யோகமலர். வாரும் போவம்.”

அவள் அதைத் தொடவேயில்லை. நிறம் கேட்கவில்லை, பாரம் கேட்கவில்லை. முன்னையவற்றுக்குச் சொன்னதையே சொன்னாள்.

“காஸ் குப்பி போடாமல், சும்மா ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ.”

இழுத்தான். அவள் தலையை ஆட்டினாள்.

இந்தச் சின்னச் சத்தம் மேடைக்குக் கீழே ஆருக்குக் கேட்கப் போகிறது? சரியான விசரி என்று வாய்க்குள் திட்டினேன். போன் திரும்பவும் அடித்தது. நிசாந்தன்தான், பிஸ்ரல் பிடிக்கிற நடிகன். நான் எடுக்கவில்லை.

றொய்சன் உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தான். மினுக்கமில்லாத கறுப்பு. பிடி தேய்ந்திருந்தது. ஒருவரும் கேட்பதில்லை, விலையில் குறைத்துத் தரலாம் என்றான்.

எனக்கு அதைப் பார்க்கவே விருப்பமில்லை. மேடையில் அது ஆட்டுக்கல் மாதிரித்தான் கிடக்கும்.

யோகமலர் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். கோபித்துக்கொண்டு வெளியே போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

“இப்ப இழுங்கோ தம்பி.”

டிக்.

அவளுடைய கழுத்து தோளுக்குள் போய்விட்டது. கை காற்றில் எதையோ தேடி என் சட்டையைப் பிடித்தது. மூச்சு வர நேரம் எடுத்தது.

“உதுதான்,” என்றாள்.

றொய்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஷுவரா அன்ரி? நீங்கள் திரும்பிப் பாக்கவே இல்லையே.”

“அண்டைக்கும் பாக்கேல்லை, தம்பி.”

என் சட்டையைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. நானும் விடுவிக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தேன்.

“நிசாந்தன், கடைசிக் காட்சி இருக்கு. வெட்டேல்லை,” என்றேன். “நெத்தியிலை வைக்காதை. பின்னாலை வை.”