சத்தமாகச் சொன்ன மூலை

மழை விட்ட இந்தோனேசிய நகரமான மக்காசாரின் மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்துவிட்டு பாசோ கண்ணை மூடுகிறான். இது தவறினால் எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். அவன் நான்கு எண்ணி மூச்சை இழுக்கிறான், நான்கு எண்ணி விடுகிறான். "அக்கா, போன வருஷம்னா இந்நேரம் வாந்தி எடுத்திருப்பான். இப்ப கை நடுங்கவே இல்ல பாருங்க!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரன் ரிஸால் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரணியின் கோல்கீப்பர் தாஹிரின் நெஞ்சும் அதே கணக்கில் ஏறி இறங்குகிறது. போன வருடம்வரை அவன் எங்கள் பையன். அணியின் மனப்பயிற்சியாளரான என் அறையில் பாசோவுக்கு அடுத்த பாய் அவனுடையது. பயம் போக, பந்து போய் விழும் இடத்தைக் கண்ணை மூடிப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள் என்றவள் நான்தான். "வலது பக்கம், கீழ் மூலை, அக்கா" என்று பாசோ தினமும் சொன்னான். மனதுக்குள் சொல் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது பாசோவைக் கூப்பிட்டு எச்சரித்தால் பழைய நடுக்கம் திரும்பிவிடும். தாஹிரின் கால் அந்த மூலைப் பக்கம் அரை அடி நகர்கிறது. நடுவர் விசில் ஊதுகிறார். பாசோ கண்ணைத் திறந்து, கொஞ்சமும் பயமில்லாமல், என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறான்.