நனைந்த பாய்

குடலில் புற்றுநோய் என்று அறுவைச் சிகிச்சை செய்து, வயிற்றில் ஒட்டிய மலப்பையோடு வீடு திரும்பிய நாளிலிருந்து மாசிலாமணி கூடத்தில் தனியாகத்தான் படுத்தான். ஒருநாள் படுக்கப் போனபோது அவனுடைய கோரைப்பாய் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. “பாயை எதுக்கு நனைச்ச?” என்றான். “எறும்பு மொய்ச்சுது,” என்றாள் மனைவி தமயந்தி, அவன் முகத்தைப் பார்க்காமல். வேறு வழியின்றி உள்ளறையில் அவள் படுக்கும் கட்டிலின் விளிம்பில், பையைக் கையால் மூடியபடி விறைத்துக் கிடந்தான். அவள் நெருங்கியபோது பைக்குள் காற்று புறுபுறுத்தது. “வேணாம், நாறும்.” “நான் கேட்டேனா உங்கள?” அவன் கையை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது பாய் மொடமொடவென்று காய்ந்திருந்தது. எடுத்து வைக்கப் போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு அவன் பாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.