நீட்டிப் பாடுகிறவள்

காசாபிளாங்காவின் அந்த நடனக் கூடத்தில் தாளத்தை யாரும் வாசிப்பதில்லை. ஆடுகிறவர்களின் கைப்பட்டைகள் அவர்களுடைய இதயத்துடிப்பை அனுப்பும். இயந்திரம் அதையே தாளமாக்கும். துடிப்பு தணிந்தால் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அட்லஸ் மலைப் பாட்டுக்காரி இத்தோவை அது இரண்டு முறை பாதியில் நிறுத்தியிருந்தது. பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த நீண்ட அழைப்பை அவள் இழுத்துப் பாடினால், ஆடுகிறவர்கள் அசையாமல் நின்று கேட்கிறார்கள்; துடிப்பு தணிந்துவிடுகிறது.

"அந்த இழுவையை விட்டுடு, இத்தோ. இன்னைக்கும் பாட்டு நின்னா நம்மள வெளியே அனுப்பிடுவாங்க" என்றான் அவள் கணவன் மோஹா. இயந்திரம் அவன் பொறுப்பில் இருந்தது.

"அதை விட்டா அப்புறம் பாட்டு எங்க இருக்கு? முழுசாத்தான் பாடுவேன்."

அவள் ஒரு பட்டையை எடுத்துத் தன் ஏழு மாத வயிற்றின்மேல் வைத்துத் துணியால் கட்டினாள். "இதை மட்டும் கேட்கச் சொல்லு."

மோஹா தயங்கினான். பிறகு மற்ற பட்டைகளையெல்லாம் இயந்திரத்திலிருந்து துண்டித்தான்.

வயிற்றுக் குழந்தையின் துடிப்பில், குதிரை ஓடுவதுபோல் கூடம் அதிர்ந்தது. அவ்வளவு வேகத்தை எதிர்பாராத கூட்டம் கத்திக்கொண்டு துள்ளியது. அந்தத் தாளத்தின்மேல் இத்தோ அவசரமே இல்லாமல் அழைப்பைத் தொடங்கி, மூச்சு தீரும்வரை நீட்டினாள். இயந்திரம் நிறுத்தவில்லை.

திடீரென்று தாளம் இன்னும் விரைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் தொடலை!" என்று மோஹா இரு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

உள்ளே குழந்தை ஓங்கி உதைத்தது. இத்தோ சிரித்துக்கொண்டே அழைப்பை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.