மயக்க மருந்துக்கு அனுமதி

குவாண்டம் கணினிகள் எல்லாச் சங்கேதங்களையும் உடைத்துவிட்ட பிறகு, பாதுகாப்புத் துறை தன் ரகசியங்களை ஆட்களின் மனதில்தான் வைத்தது. வேதவல்லியிடம் ஒன்று இருந்தது. இப்போது பித்தப்பையில் கல்லும் இருந்தது.

"மயக்க மருந்து கூடாது டாக்டர். உளறிட்டாங்கன்னா?" என்றார் துறை அதிகாரி.

"மருந்தில்லாம வயித்தைக் கிழிக்கச் சொல்றீங்களா?" என்றார் டாக்டர் செழியன்.

"நான் தூக்கத்துலயே உளறுவேன் சார். அதுக்குத்தானே எட்டு வருஷமா என் புருஷனைத் தனி ரூம்ல படுக்க வெச்சிருக்கீங்க?" என்றாள் வேதவல்லி, வலியோடு.

அதிகாரி மேலிடத்துக்கு நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு மறுநாள் வந்தார். "மருந்து குடுக்கலாமாம். ஆனா உளறுறது டாக்டர் காதுல விழுமே. அதனால இனிமே அவரும் ஆயுசுக்கும் தனியாத்தான் படுக்கணும்."

டாக்டருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் கேஸ் தாளை மூடி வைத்தார்.

வேதவல்லி கோபப்படவில்லை. "வலிக்கு மாத்திரையாவது எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள்.