ராஜாராம் சார் பேசுகிறேன்

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்களுடையது கோணிக்கடை. சாக்கு வாங்க யார் வந்தாலும், அத்தா முதலில் ஷப்ரீன் அக்காவைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்.

"எம் பொண்ணு மெட்ராஸ்ல ஃப்ளூ காய்ச்சல ஆராய்ச்சி பண்ணிக்கினு கீது முனிரத்தினண்ணே. தட்டுல ஒடம்போட செல்லு வளக்குது. அதுல வைரஸ வுடுது. வைரஸு அந்தச் செல்லையே வேலை வாங்கி, தன்னோட புரதத்தச் செஞ்சிக்குமாம். மருந்து வுட்டா அந்தப் புரதம் கொறையுதான்னு பாக்குது!"

"பையன் இன்னா பண்றான்?"

"அவனா? ஊர்ல கீறவன் கொரல்லாம் பேசிக்கினு திரியறான். பிளஸ் ஒன்னோட போதும். லீவு முடிஞ்சா கடையில உக்காரட்டும்."

பிளஸ் டூ படிக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை. யார் கேட்டார்கள்? அவளுக்கு மெட்ராஸ், எனக்குக் கோணி. மீன் வறுத்தால் நடுத்துண்டுகூட அவளுக்குத்தான்.

குரல் விஷயம் மட்டும் நிஜம். முனிரத்தினம் இருமினால்கூட, நான்தான் இருமுகிறேன் என்று அவர் மனைவி என்னைத் திட்டுவாள்.

லீவில் அக்கா வந்திருந்தாள். அன்றைக்கு அவளுடைய ஆராய்ச்சி வாத்தியார் ராஜாராம் சார், ரிசல்ட் சொல்லக் கடைக்கு போன் செய்வதாக இருந்தது. மருந்து விட்டும் புரதம் குறையாவிட்டால், மூன்று வருஷ வேலை முதலிலிருந்து. காலையிலிருந்து டீகூடக் குடிக்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

போன மாசம் லேபைப் பார்க்கப் போனபோதே சார் குரலைப் பிடித்து வைத்திருந்தேன். எதிரே கோபால் அண்ணனின் டெலிபோன் பூத்துக்குள் புகுந்து கடை நம்பரை அழுத்தினேன். கண்ணாடி வழியே எங்கள் கடை முழுசாகத் தெரிந்தது.

"அதாவது ஷப்ரீன்... ராஜாராம் பேசறேம்மா." மூக்கில் பாதி, தொண்டையில் பாதி. அச்சு அசல்!

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "சொல்லுங்க சார்!"

"அதாவது... மருந்து விடாத தட்டுல எவ்வளவு புரதமோ, மருந்து விட்ட தட்டுலயும் அவ்வளவு புரதம். மருந்து வேலை செய்யலம்மா."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்னா சொல்றாரு? இன்னா சொல்றாரு?" என்று பக்கத்தில் அத்தா குதிப்பது தெரிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இப்போதே சிரித்துவிடக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம்.

"பரவால்ல சார்" என்றாள் திடீரென்று. "தம்பியா? ஆமா சார், லேபுக்கு வந்தானே, அப்ரோஸ், அவன்தான்."

நான் தம்பியைப் பற்றிக் கேட்கவே இல்லையே!

"பிளஸ் டூ அனுப்பல சார். கடையில உக்கார வெக்கப் போறாங்க... அவ்ளோ கெட்டிக்காரனா சார்? சரிங்க சார், நீங்க சொன்னீங்கன்னு அத்தாகிட்ட சொல்றேன்."

போனை வைத்துவிட்டாள்.

அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது, பாவம்! அவள் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கத் தெருவைத் தாண்டி ஓடினேன்.

வாசலிலேயே அத்தா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்! மெட்ராஸ் வாத்தியாரே சொல்றாருடா! ஒரு தபா லேபுக்கு வந்ததுலயே எல்லாத்தையும் புடிச்சிக்கினியாமே! திங்கக்கெழம நீ பள்ளிக்கூடம் போற. கடைய நான் பாத்துக்கறேன்." கையெல்லாம் சணல் தூசு, அதோடு என் கன்னத்தைத் தடவிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லப் போனார்.

அக்கா அழவில்லை. கோணிக்கட்டின் மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா... ரிசல்ட் இன்னாவாம்?" என்றேன் ஒன்றும் தெரியாதவன் போல.

"இன்னும் போன் வரல."

"இப்போ சார் பேசினாரே?"

"சாருக்கு நம்பர் போட்ட தட்டைத்தான்டா குடுப்போம். நாம ஆசைப்பட்டதே கண்ணுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். எதுல மருந்து வுட்டிருக்கேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மருந்து வுட்ட தட்டுன்னு அவரு எப்புடிடா சொல்வாரு? கொஞ்சம் நகரு, நெஜ சாரு கூப்புடற நேரம்."