அம்மாவைப் பற்றி ஐந்து துணுக்குகள்

"அன்பான மனைவின்னு போட்டிருக்கீங்க. அந்த 'அன்பான' வேண்டாம். எடுத்துடுங்க."

நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார் பெரியவர். பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். பக்கத்தில் அவர் மகள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. மேசைமேல் அவர் மனைவியின் படம். மூக்குக் கண்ணாடி, விரலை உள்ளே வைத்து மூடிய புத்தகம்.

பத்திரிகை அலுவலகத்தில் இரங்கல் விளம்பரங்களை வாங்கும் எழுத்தர் பெண் அந்தச் சொல்லை அடித்து நீக்கினாள். பதினோரு வருடமாக இதே மேசை. துக்கம் முற்றினால் கோபமாகத்தான் வெளியே வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

விளம்பரத்தோடு 'இவரைப் பற்றி ஐந்து' என்று ஒரு சின்னக் கட்டம் இலவசமாக வரும், அதற்குச் சுவையான துணுக்குகள் ஐந்து சொல்லுங்கள் என்றாள். வெறும் துக்கச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பது ஆசிரியரின் கண்டுபிடிப்பு.

"செத்தவங்களைப் பத்திச் சுவையாவா?" என்றார் பெரியவர். ஆனால் சொல்ல ஆரம்பித்தபின் அவர் நிறுத்தவில்லை.

மனைவி மாநாடுகளில் மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு நாடுகள் பார்த்தவர். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் பழைய புத்தகக் கடை, அப்புறம்தான் ஓட்டல் அறை. ஒருமுறை விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. புத்தகங்களை விட மனமில்லாமல், நான்கு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பூசணிக்காய் மாதிரி வீடு வந்து சேர்ந்தார்.

எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கம். அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாரென்றால் பாத்திரம் போனது போனதுதான். வருடத்துக்கு மூன்று பாத்திரமாவது கரியாகும்.

"மூணு இல்லப்பா, அஞ்சு," என்றாள் மகள்.

பெரியவரின் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியது.

நாலு ஆயிற்று, ஐந்தாவதாகத் தாய் என்ற முறையில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள் எழுத்தர். மகள்தான் சொன்னாள். எந்தக் கதைப் புத்தகமானாலும் அம்மா இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று வீட்டில் இருக்கும், இன்னொன்று அவர் பெட்டியில். எந்த நாட்டில் இருந்தாலும் சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டுப் படிப்பார். 'திருப்பு' என்றதும் இவள் இங்கே பக்கத்தைத் திருப்புவாள்.

"என் பொண்ணுக்கும் அப்படித்தான் படிச்சாங்க," என்றாள். "அந்தப் புத்தகம் நாப்பதாம் பக்கத்துல அப்படியே நிக்குது. மேல என்ன ஆச்சுன்னு கேக்கிறா. நான் படிச்சா காதைப் பொத்திக்கிறா."

"போதும்," என்றார் பெரியவர்.

"அன்பான தாய்னு போடுங்க. இதை அப்பா அடிக்கக் கூடாது."

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அடிக்கச் சொல்லவில்லை.

இறந்த தேதியை எழுத்தர் கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் ஒன்பதைத் தயங்காமல் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் கழித்தா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவராகவே பதில் சொன்னார்.

"பார்க்கிறவனெல்லாம் வீட்டம்மா எங்கேன்னு கேக்கிறான். சம்பந்தி கேக்கிறார், மருந்துக் கடைக்காரன் கேக்கிறான். ஆளுக்கொரு நாடாச் சொல்லிச் சொல்லி, இப்ப சொல்றதுக்கு நாடே மிச்சமில்ல. பேப்பர்ல வந்துட்டா கேள்வி நிக்கும். நாங்களும் தலை நிமிர்ந்து தெருவுல நடப்போம்."

இறப்புச் சான்றிதழ் வேண்டுமே என்றாள் எழுத்தர். அது இல்லாமல் விளம்பரம் எடுப்பதில்லை.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, எழுத்து அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். மேலே அதே மார்ச் ஒன்பது. கீழே மூன்றே வரி, திருத்தமான கையெழுத்தில்.

'என்னைத் தேட வேண்டாம். நான் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.'

எழுத்தரின் விரல்கள் தட்டச்சுப் பலகைமேல் நின்றுவிட்டன. இப்படிப்பட்ட கடிதங்கள் இந்த மேசைக்கு முன்பும் வந்திருக்கின்றன. அந்த வீட்டார் யாரும் எப்படி இறந்தார் என்று சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தைக் காலியாகவே விட்டாள்.

சான்றிதழைப் பற்றி மேலாளரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் குரல் தணிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தால் படத்தைப் பெரிதாகப் போடலாம், ஐந்து துணுக்கும் வெட்டாமல் வரும், இத்தனை நாள் பொறுத்தவர்களுக்கு இன்னும் சில நாள்தானே என்றாள்.

பெரியவர் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தபடி எழுந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமையே வந்தாகணும்மா. சனிக்கிழமை அவ திரும்பி வர்றா."